மஞ்சள் பையில் இருக்கும் கடன்

அருணகிரிநாதர் கதையைத் திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிற்றின்பத்தில் சொத்தைத் தொலைத்து, அக்காவின் கையிருப்பும் கரைந்தபின் வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து குதித்தார், முருகன் தாங்கிக்கொண்டான் என்பார்கள். எனக்கு அந்த அக்காவின் நினைப்புதான் வரும்.

இந்த ஊர் ஆட்டோக்காரர் ஒருவரின் மனைவி மஞ்சள் பையைக் கவிழ்த்துக் காட்டினார். நான்கு அடகு ரசீது, மகளிர் குழுக் கடன் அட்டை. முதல் ரசீதில் தாலிக் குண்டு. கடைசி ரசீதில் பிள்ளையின் வெள்ளிக் கொலுசு. "அவரு குடிச்சதெல்லாம் இந்தப் பையிலதான் சார் இருக்கு" என்றார்.

2024 பிப்ரவரி விலை உயர்வில் சாதாரண குவார்ட்டர் 140 ரூபாய் ஆனது. நாளுக்கு ஒன்று என்றாலே வருஷத்துக்கு 51,100 ரூபாய். வட்டியும், வேலைக்குப் போகாத நாளின் வருமானமும் தனி.

நிறுத்த நினைப்பவர்கள் கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், வருஷக்கணக்கில் தினமும் மிகுதியாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும்; இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கயிறு கட்டிய கையோடு அரசு மருத்துவமனைக்கும் போய்விட வேண்டும்.

போதை தெளிந்தவரை முதலில் தேடி வருபவர் கடன்காரர். அதுவரை காதில் ஏறாத வசவு அப்போதுதான் ஏறும். அந்த அவமானமே பலரை மறுபடி கடைக்குத் தள்ளுகிறது. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தையும் சேர்த்தே சிகிச்சை தருகிறது. கடனும் குடும்பமாக உட்கார்ந்து தீர்க்க வேண்டியதுதான். ஒன்று விடாமல் ஒரே நோட்டில் எழுதுங்கள். வட்டி அதிகமானதை முதலில் அடைத்துவிடுங்கள். கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, போலீசுக்குப் போகலாம்.

அந்த ஆட்டோக்காரர் இப்போது குடிப்பதில்லை. பௌர்ணமி இரவில்தான் அவருக்குப் பயம். கிரிவலச் சவாரியில் கை நிறையக் காசு சேரும். மனைவியை ஸ்டாண்டுக்கே வரச் சொல்லி, அதைக் கொடுத்துவிடுகிறார். கொலுசு திரும்பிவிட்டது. தாலிக் குண்டு இன்னும் அடகுக் கடையில்தான்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு பை இருந்தால் 14446 என்ற இலவச எண்ணில் இன்றே பேசுங்கள்.