ஃபேன் போட்டா போச்சுங்க!

வாளியைத் தாண்டி வாங்க. இன்னொரு வாளி. அதற்கப்பால் யாருடைய டிபன் பாக்ஸோ! வயலிலிருந்து சேற்றோடு பெயர்த்து வந்த நெற்பயிர்கள்தான் இந்த அறையின் வி.ஐ.பி.க்கள், மனிதர்கள் ஓரமாக ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். 1912-இல் கோவையில் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இது. நெல்லுக்கு நெல் ‘கிராஸ்’ போடும் இடத்துக்கே நம்மை விட்டுவிட்டார்கள்!

மாலை நேரம். ஸ்டூலில் குந்தியிருக்கும் அக்கா, பூக்காத கதிர் ஒன்றைப் பிடித்து, ஒவ்வொரு பூவிலும் உமியின் நுனியைச் சாய்வாக நறுக்குகிறார். எட்டிப் பாருங்கள்: உள்ளே ஆறே ஆறு மகரந்தப் பைகள். நெல் தன் மகரந்தத்தாலேயே மணி பிடித்துவிடும் ஜாதி. பை வெடிப்பதற்குள் ஆறையும் எடுத்தாக வேண்டும். முன்பு இடுக்கி. இப்போது மெல்லிய குழாய் மாட்டிய வேக்குவம் பம்ப் ‘சுர்ர்’ரென்று உறிஞ்சிவிடுகிறது.

“சுத்தமாயிருச்சு, பாருங்க சார்” என்று லென்ஸை நீட்டினார் ஆராய்ச்சி மாணவர். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்காவுக்கு ஒரு பை தெரிந்தது! மாணவர் காதைச் சொறிந்துகொண்டார்.

கதிருக்குப் பட்டர் பேப்பர் உறை, அதற்கொரு கிளிப். மீதி காலையில்.

காலை பத்து மணி நெருங்க நெருங்க அறையில் பரபரப்பு. ஜன்னல் சாத்தியாச்சு. ஃபேன் கிடையாது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. என் கை தன்னிச்சையாக ஸ்விட்ச் பக்கம் போனதுதான் தாமதம்: “ஃபேன் போட்டா போச்சுங்க, மாப்பிள்ளை பறந்துருவாரு!” கொல்லென்று சிரிப்பு. மகரந்தத்துக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். அப்பா ரகத்தின் கதிர் விரிந்ததும் அக்கா அதை நறுக்கிய பூக்களின்மேல் கவிழ்த்து, விரலால் மெல்லத் தட்டுகிறார். மஞ்சள் தூசி இறங்குகிறது. அவ்வளவுதான், மறுபடி உறை! அட்டையில் முதலில் அம்மா பெயர், பெருக்கல் குறி, பிறகு அப்பா பெயர், தேதி. எல்லாம் பென்சிலில், பேனா மை மழைக்குக் கரைந்துவிடுமாம்.

இப்படித்தான் 1962-இல் பிலிப்பைன்ஸில் நெட்டை ‘பீட்டா’வையும் தைவான் குட்டை ரகம் ஒன்றையும் சேர்த்தார்கள். முதல் தலைமுறை முழுக்க நெட்டை. அடுத்ததில் ஏறக்குறைய நாலில் ஒன்று குட்டை! அந்தக் குட்டைகளின் வழியில் தேர்ந்ததுதான் 1966-இல் வெளியான ஐ.ஆர்.8.

ஓரத்தில் சில நாள் முந்தைய கதிர் ஒன்று. வெட்டுப்பட்ட உமிக்கு வெளியே இளம் அரிசி அம்மணமாக எட்டிப் பார்க்கிறது. அக்கா முகத்தைப் பார்க்கணுமே!

வெளியே வயலில் வேறொரு கலப்பின் இரண்டாம் தலைமுறை. தலையில் துண்டோடு ஒரு மாணவி நெட்டை, குட்டை என்று கூவ, இன்னொருவர் கோடு போடுகிறார். பாதி வரிசையில் யாரோ “டீ வந்தாச்சு” என்று கத்த, எண்ணிக்கை போயே போச்சு. “முதல்ல இருந்துங்களா?” என்றது நோட்டுக்காரக் குரல், அழாத குறையாக.