மேசைமேல் ஒரு கல்லூரி

2001 ஜனவரியில் சென்னை ரிச்சி தெருவில் கணினி வாங்கி, நான்கு அட்டைப்பெட்டிகளாகக் கட்டிக்கொண்டு, ராத்திரி பஸ்ஸில் ஏறி விடிகாலையில் கும்பகோணத்தில் இறங்கினேன். மற்ற மூன்றையும் டிக்கியில் போட்டுவிட்டு மானிட்டர் பெட்டியை மட்டும் மடியில் வைத்திருந்தேன். இறங்கும்போது இரண்டு கால்களும் மரத்துப்போயிருந்தன. கடைக்காரர் கைப்பட எழுதிய பில் இன்னும் என்னிடம் இருக்கிறது. செலரான் பிராசஸர், 64 எம்பி ராம், 20 ஜிபி ஹார்டு டிஸ்க், 15 அங்குல மானிட்டர், சிடி டிரைவ், ஃப்ளாப்பி டிரைவ், 56 கே மோடம், யுபிஎஸ். மொத்தம் 31,400 ரூபாய். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்கு அது ஐந்து மாதச் சம்பளம். அஞ்சல்வழியில் எம்.சி.ஏ. சேர்ந்திருந்தேன், அதற்காக வாங்கியது.

என் அக்கா மகள் இப்போது சென்னை ஐஐடி இணையம் வழியாக நடத்தும் பட்டப்படிப்பில் மூன்றாவது பருவத்தில் படிக்கிறாள். அவளுடைய மடிக்கணினியின் எடை ஒன்றரைக் கிலோ இருக்கும். 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. விலை, அவள் அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு. என்னுடையதைவிட 128 மடங்கு ராம். அவ்வளவு இருந்தும், பிரவுசரில் இருபது பக்கங்களைத் திறந்துவைத்துவிட்டு, "ஸ்லோவா இருக்கு மாமா" என்பாள். அவள் சொல்வதும் உண்மைதான். விண்டோஸ் 98 ஓட 16 எம்பி ராம் இருந்தால் போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. விண்டோஸ் 11-க்கு அதே நிறுவனம் 4 ஜிபி கேட்கிறது. 256 மடங்கு. இயந்திரம் வளர்ந்த அளவுக்கு அதன் பசியும் வளர்ந்திருக்கிறது.

அன்று ஒரு படிப்புக்கு என்னென்ன மென்பொருள் வேண்டும் என்பது யாரும் எழுதிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நிரல் எழுத டர்போ சி. பாடக் குறிப்புகளைப் படிக்க அக்ரோபேட் ரீடர். பெரிய கோப்பைச் சுருக்க வின்ஜிப். யாராவது அசைபடம் வைத்திருந்தால் அதைப் பார்க்க ரியல் பிளேயர். இவற்றை இணையத்திலிருந்து இறக்கலாம் என்று நினைத்துப் பார்த்ததில்லை; கணினிப் பத்திரிகைகளோடு இலவசமாக வந்த சிடிக்களிலிருந்து எடுத்துக்கொள்வோம். டர்போ சி-யின் நீலத் திரை என்னைப் போன்ற ஆயிரக்கணக்கான பேருக்கு முதல் வகுப்பறை. ஒரு தடவை நிறுவிவிட்டால் போதும். இணையம் வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். எத்தனை வருஷம் கழித்துத் திறந்தாலும், விட்ட இடத்தில் கர்சர் மின்னிக்கொண்டிருக்கும்.

இணையம் என்பது தனியே காசு கொடுத்து வாங்கும் பொருளாக இருந்தது. வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது அதை மணிக்கணக்கில் விற்றது. எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான். இணைய நேரத்துக்கு ஒரு விலை, அதற்குப் போடும் போன் காலுக்கு இன்னொரு விலை. மோடம் கீச்சிட்டுக் கரகரத்து அடங்கியதும் நான் முதலில் செய்வது, கூடத்தைப் பார்த்து, "யாரும் போனை எடுக்காதீங்க" என்று குரல் கொடுப்பது. உள்ளறையில் இருந்த பேரலல் போனை யாராவது தூக்கினால் இணைப்பு அறுந்துவிடும். திருச்சியிலிருந்து சித்தப்பா இரவெல்லாம் முயன்றும் லைன் கிடைக்காமல், அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுச் செய்தி சொன்னதும் நடந்தது. அம்மா அதற்காக என்னைத் திட்டவில்லை. "படிக்கிறான்" என்று சித்தப்பாவிடம் சொன்னாள். அந்த ஒரு சொல்லை வைத்து வீடு முழுவதும் எனக்காக வாயை மூடிக்கொண்டது.

56 கே என்பது பெயரில்தான். எங்கள் லைனில் விநாடிக்கு 3 கேபி வந்தால் அது நல்ல நாள். என் அக்கா மகள் ஒரு வாரத்தில் பார்க்கும் பாடங்களில் ஒன்று, இருபது நிமிட வீடியோ, 50 எம்பி அளவு என்று வைத்துக்கொள்வோம். அதை அந்த லைனில் இறக்க நாலே முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், நடுவில் யாரும் போனை எடுக்காதிருந்தால். எடுத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே பெரிய கோப்புகளுக்குக் கும்பகோணத்தின் பிரவுசிங் சென்டர்தான். பிளைவுட் தடுப்பு போட்ட அறை, மணிக்கு 30 ரூபாய். ஒரு தடவை 2 எம்பி அளவுள்ள பாடக் கோப்பு ஒன்றை வின்ஜிப்பில் இரண்டாகப் பிரித்து இரண்டு ஃப்ளாப்பிகளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஒரு ஃப்ளாப்பியில் 1.44 எம்பிக்குமேல் கொள்ளாது. வீட்டில் முதல் ஃப்ளாப்பி திறந்தது. இரண்டாவதைப் போட்டதும் டிரைவ் கட்கட்டென்று தட்டிவிட்டு, படிக்க முடியவில்லை என்றது. ஒரு ஃப்ளாப்பி போனால் கோப்பே போன மாதிரி. மறுநாள் சாயங்காலம் மறுபடி பஸ், மறுபடி 30 ரூபாய்.

தமிழில் படிக்க நினைத்தவருக்கு வேறொரு தடையும் இருந்தது. நான் கணினி வாங்கிய அடுத்த மாதம், 2001 பிப்ரவரி 17 அன்று, தமிழ் இணையப் பல்கலைக்கழகம் சென்னையில் தொடங்கப்பட்டது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அறிவிக்கப்பட்டது, கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி முன்னின்று வளர்த்தது. உலகில் எங்கிருந்தாலும் தமிழை இணையம் வழியாகக் கற்கலாம் என்ற எண்ணம் அன்று பெரிய எண்ணம். ஆனால் அக்காலத்தில் ஒரு தமிழ்த் தளத்தைப் படிக்க அதற்குரிய எழுத்துருவை முதலில் நிறுவ வேண்டியிருந்தது. டாப், டாம், டிஸ்கி என்று ஆளுக்கொரு குறியேற்றம். ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் திறந்தால் கட்டங்களும் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளுமாகத் தெரியும். பாடத்துக்குள் போகுமுன் எழுத்தைக் கண்ணுக்குக் கொண்டுவருவதற்கே ஒரு மாலை போய்விடும். 2010-ல் தமிழக அரசு எல்லோருக்கும் பொதுவான யூனிகோட் குறியேற்றத்தைத் தரமாக ஏற்றது. இன்று என் அக்கா மகள் போனில் கட்டைவிரலால் தமிழில் தட்டுகிறாள். எழுத்துரு என்று ஒன்று இருப்பதே அவள் நினைவுக்கு வருவதில்லை. இந்த இருபத்தைந்து வருஷங்களில் எனக்கு மிகப் பெரிய லாபமாகத் தெரிவது இதுதான். ராமும் டிஸ்க்கும் எப்படியும் வளர்ந்திருக்கும். எழுத்துச் சிக்கல் தானாகத் தீர்ந்திருக்காது. அதைச் சிலர் உட்கார்ந்து தீர்த்தார்கள்.

நடுவில் வந்த மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக வந்தன. 2003-ல் ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து என்பிடெல் திட்டத்தைத் தொடங்கி, பேராசிரியர்களின் வகுப்புகளைப் படம்பிடித்தன. இணையம் அவ்வளவு தாங்காத கல்லூரிகளுக்கு அந்த வீடியோக்கள் ஹார்டு டிஸ்க்கிலேயே போயின. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2 ஜிபி ராம், 320 ஜிபி டிஸ்க், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தது. அதுவரை கணினியைத் தொட்டிராத வீடுகளுக்கு அது போனது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. ஒரு ஜிபி டேட்டாவை ஏறக்குறைய 250 ரூபாய்க்கு வாங்கி மாதம் முழுதும் வைத்துக்கொண்டவர்கள், ஒரே நாளில் அதைச் செலவழிக்கப் பழகினார்கள். பிறகு 2020, கொரோனா. கல்லூரிகள் மூடின, போன்களில் வகுப்பு நடந்தது. 2021 தொடக்கத்தில் தமிழக அரசு கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா கார்டு அறிவித்தது. பாடப்புத்தகம் கொடுப்பது போல அரசு டேட்டாவைக் கொடுத்தது. படிப்புக்குத் தேவையானது பெட்டியிலிருந்து லைனுக்கு நகர்ந்துவிட்டது என்பது எனக்கு அந்த அறிவிப்பில்தான் முழுதாகப் புரிந்தது.

என் அக்கா மகள் அவள் அண்ணனின் கவர்மெண்ட் லேப்டாப்பில்தான் தொடங்கினாள். பேட்டரி செத்துப்போயிருந்தது. சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். லினக்ஸ் மட்டும் போட்டுக் கொடுத்தேன். ஒரு பருவம் ஓடியது. அவளுடைய நிரல்கள் பாதி அதில் ஓடவே இல்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அவை கூகுள் கோலாப் என்னும் பக்கத்தில் எழுதப்பட்டு, எங்கோ இருக்கும் கூகுளின் கணினியில் ஓடி, விடை மட்டும் இவள் திரைக்கு வந்தது. 2001-ல் எல்லாம் என் மேசைமேல் இருந்தாக வேண்டும் என்பதால் மேசை நிறைய இயந்திரம் வேண்டியிருந்தது. இவளுக்கு மேசைமேல் இருப்பது ஜன்னல். அறை வேறெங்கோ இருக்கிறது.

அதனால் இழந்தது எது? என் டர்போ சி-யை நான் வைத்திருந்தேன். அச்சிட்ட பாடப் புத்தகங்கள் தபாலில் கட்டாக வந்தன. பழுப்புக் காகிதம், சணல் கயிறு. பரண்மேல் இன்னும் இருக்கின்றன. இவளுடைய குறிப்புகள் 15 ஜிபி இலவச டிரைவில் இருக்கின்றன, நிரல்கள் கிட்ஹப் தளத்தில். லைன் போனால் கல்லூரியே போய்விடுகிறது. இன்னொன்று, என் சனி ஞாயிறு தொடர்பு வகுப்புகள். திருச்சியில் ஒரு கல்லூரியின் பெஞ்சில் பேங்க் கிளார்க்கும், பள்ளிக்கூட ஆசிரியையும், பஸ் கண்டக்டரும், நானும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். அதில் இரண்டு பேர் என் கல்யாணத்துக்கு வந்தார்கள். இவளுக்கு வாட்ஸாப்பில் நூறு பேர் தோழர்கள். ராத்திரி பதினொன்றுக்குச் சந்தேகம் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் யாராவது பதில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்த வசதி இருந்ததில்லை. ஆனால் இவர்களில் யாருடைய டிபன் பாக்ஸிலும் இவள் கைவைத்ததில்லை.

அந்தப் பெஞ்சில் யார் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். என் அக்கா என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரி. பிளஸ் டூவில் என்னைவிட அதிக மார்க். வகுப்பு முடிந்து திருச்சியிலிருந்து கடைசி பஸ்ஸில் வரவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக அஞ்சல்வழியில்கூட அவளைச் சேர்க்கவில்லை. பிரவுசிங் சென்டரின் பிளைவுட் அறைகளில் பெண்கள் இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. இருந்தாலும் கூட அண்ணனோ தம்பியோ நின்றிருப்பார்கள். அவள் மகளின் இந்த ஐஐடி படிப்புக்கோ ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம். நான்கு வாரப் பாடம், அதன் முடிவில் ஒரு தகுதித் தேர்வு, தேறினால் சேரலாம். வயது வரம்பும் கிடையாது. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் குறைப்பும் உண்டு. அக்கா மகள் வீட்டைவிட்டுப் போவது க்விஸுக்கும் பருவத்தின் இறுதித் தேர்வுக்கும் மட்டும்தான். அவை தேர்வு மையத்தில் நேரில் நடக்கின்றன.

நிரல் எழுதும் தேர்வுகள் சில வீட்டிலேயே, கேமராவுக்கு முன்னால் நடக்கின்றன. அதற்குச் சில நாள் முன்பே கணினியைச் சோதித்துக் காட்ட வேண்டும். கேமரா தெரிகிறதா, மைக் கேட்கிறதா, பிரவுசர் சரியான பதிப்பா, லைன் வேகம் போதுமா. 2001-ல் யாரும் வாங்காத ஒரு பொருள் இன்று கட்டாயமாகிவிட்டது: நம்மைப் பார்க்கும் கண். போனில் வீடியோ பாடம் கேட்கலாம், வாரப் பயிற்சிகூட ஓரளவு செய்யலாம். இந்தத் தேர்வுக்குக் கணினி இருந்தே ஆக வேண்டும். கணினியோடு கூட, கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும் வேண்டும். எந்தத் தேவைப் பட்டியலிலும் அறையைப் போடுவதில்லை. இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும் பிள்ளைகள் இந்தத் தேர்வை எப்படி எழுதுகிறார்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு தேர்வு. கரண்ட் போனால் என்ன செய்வது என்று இன்வர்ட்டரின் வயரை நான் இரண்டு தடவை பார்த்தேன். வைஃபை போனால் கைகொடுக்க, என் போனில் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்துக்கொண்டு அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மிக்ஸி ஓடவில்லை. டிவி ஓடவில்லை. அத்தான் திண்ணையில் பேப்பர் படித்தார். பெரியவன் கட்டிலில் படுத்தபடி போனை எடுத்து ஏதோ வீடியோவைத் திறக்கப் போனான். அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்த அக்கா அவன் கையிலிருந்து போனை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

"யாரும் வைஃபை போடாதீங்க" என்றாள், குரலை எழுப்பாமல். "படிக்கிறா."