முள்ளங்கி காத்திராது

முள்ளங்கியை மலைநாட்டுப் பயிரென்றே இல்லத்தரசியர் பலர் எண்ணுவர். கிணற்றடியில் ஒரு பாய் விரிக்குமளவு நிலமிருப்பின் யாழ்ப்பாணத்திலும், மாரி தணிந்த தை மாதத்தில் விதைத்தால், அது நன்கு விளையும். மண் மட்டும் ஒரு சாண் ஆழத்துக்குப் பொலபொலவென்றிருத்தல் வேண்டும். கல் தட்டினாலும், மக்காத எருவை இட்டாலும் கிழங்கு கவர்விட்டுக் கோணிப்போகும். நாற்றாக்கிப் பெயர்த்து நடுதலும் ஆகாது. விதையைப் பாத்தியிலேயே அரை அங்குல ஆழத்தில் ஊன்றவேண்டும். தண்ணீர் தப்பினால் காரம் ஏறிவிடும்.

2 வாரத்தில், செடிக்குச் செடி 4 அங்குலம் விட்டு மிகுதியைப் பிடுங்கிவிடல் அவசியம். முதன்முறை பயிரிட்டபோது எம் பிள்ளைகள் அதற்கு இணங்கவில்லை. பாத்தி நிறையத் தழை. அடியில் எலிவால் போன்ற வேர்! பிடுங்கிய இளங்கீரையைத் தேங்காய்ப்பூச் சேர்த்து வறை செய்யலாமென்று கண்ட பின்னரே அவர்கள் மனம் மாறினர்.

மறுமுறை நன்றாய் விளைந்தது. 40 நாளளவில் கிழங்கின் தலை மண்ணுக்கு மேல் தெரிந்தது. இன்னும் பருக்கட்டும், அப்பாச்சி வந்ததும் பிடுங்கலாமென்று பொறுத்தோம். அவர் வர மேலும் மூன்று வாரமாயிற்று. முதற் கிழங்கை அவரே பிடுங்கினார்; பருமனுக்குக் குறைவில்லை. வெட்டினால் உள்ளே நெட்டி.

அப்பாச்சி எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. பூவெடுத்திருந்த நான்கு செடிகளைக் காட்டி, அவற்றை விட்டுவைக்கச் சொன்னார். அவற்றின் பிஞ்சுக் காய்களைத்தான் அம்முறை குழம்பு வைத்தோம்.