ஒற்றை நூலும் இரண்டு ஊசிகளும்

2017-ஆம் ஆண்டு எனக்குப் பதவி உயர்வு ஆணையும் இட மாறுதல் ஆணையும் சேர்ந்தே வந்தன. வங்கிப் பணியில் இவ்விரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றை மட்டும் பெற்றுக்கொள்ள இயலாது. திருப்பூரில் பிறந்து, அங்கேயே வணிகவியல் பயின்று, கொங்கு நாட்டுக் கிளைகளிலேயே பணிக்காலத்தைக் கழித்திருந்த எனக்கு, சிம்லா என்பது திரைப்படப் பாடல்களில் கண்ட ஊர் மட்டுமே. மனைவியின் வேலையையும் மகளின் பத்தாம் வகுப்பையும் முன்னிட்டுத் தனியாகவே புறப்பட்டேன்.

நவம்பர் மாதம் விரைவிலேயே அங்கு இருட்டிவிடுகிறது. கிளையைப் பூட்டியபின் செல்ல இடமில்லை, பேச ஆளில்லை. அறையில் ஒரு மின் அடுப்பும் ஒரு கைப்பேசியும் இருந்தன. மகளிடம் பத்து நிமிடம் பேசுவேன். அவளுக்கோ படிக்க வேண்டியவை மலையளவு இருந்தன. எஞ்சிய நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பழைய சுற்றறிக்கைகளை எடுத்துப் படித்த நாட்களும் உண்டு. அவ்வளவு தனிமை.

ஓய்வூதியம் பெறும் நாளில்தான் அந்த அம்மையாரை முதன்முதலில் கண்டேன். எழுபது வயதைக் கடந்தவர். மறைந்த கணவரின் குடும்ப ஓய்வூதியம் பெற வந்திருந்தார். கூட்டம் மிகுதியாக இருந்தது. எல்லோரும் சலித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் சுவரோரம் அமர்ந்து, இரு ஊசிகளைக் கையிலேந்திக் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். அவருடைய டோக்கன் எண் அழைக்கப்பட்டது. அவர் எழவில்லை. மீண்டும் அழைத்தோம். தலை நிமிராமலே, "இந்த வரிசை முடியட்டும், பேட்டா" என்றார். முகப்பில் நின்ற வரிசையைத்தான் சொல்கிறார் என்று எண்ணினேன். ஊசியிலிருந்த வரிசையை முடித்துவிட்டே எழுந்தார்.

மறுமாதமும் அதே இடம், அதே ஊசிகள். என் அறைக்கு அழைத்துத் தேநீர் கொடுத்தேன். என்ன பின்னுகிறீர்கள் என்று கேட்டேன். பதிலாக என் ஊரைக் கேட்டார். திருப்பூர் என்றதும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பனியன் செய்யும் ஊர்" என்றேன். "அப்படியானால் நீயும் எங்கள் ஆள்தான்" என்று சிரித்தார்.

அவர் சொன்னது உண்மையென்று எனக்கு விளங்கவே சில வாரங்கள் ஆயின. நெசவில் பாவு உண்டு, ஊடை உண்டு. இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக ஓட வேண்டும். பின்னலுக்கோ ஒற்றை நூல் போதும். அந்நூலை வளையமாக்கி, அவ்வளையத்தின் ஊடே அடுத்த வளையத்தை இழுத்தால், அது துணியாகிக்கொண்டே போகும். அதனால்தான் பனியன் உடலோடு நெகிழ்கிறது; வேட்டி நெகிழ்வதில்லை. பனியன் நிறுவனத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர் என் தந்தை. வட்டப் பின்னல் இயந்திரங்களின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆயினும், உடுத்தியிருந்த பனியனை ஒரு நாளும் உருப்பெருக்கி வைத்துப் பார்த்ததில்லை. சிம்லாவில் பார்த்தேன். அம்மையாரின் ஸ்வெட்டரில் இருந்த அதே கண்ணிகள், நுண்ணியவையாக!

அந்த இயந்திரத்தின் பாட்டனும் ஒரு மனிதரின் கைவண்ணமே. இங்கிலாந்தின் வில்லியம் லீ 1589-ஆம் ஆண்டு காலுறை பின்னும் சட்டகத்தை உருவாக்கினார். எலிசபெத் அரசியார் அதற்குக் காப்புரிமை வழங்க மறுத்தார் என்றும், கைப்பின்னலால் பிழைக்கும் ஏழைகளின் நிலை என்னாகும் என்பதே அவருடைய கவலை என்றும் ஒரு கதை வழங்குகிறது. லீ பின்னர் பிரான்சுக்குச் சென்றார். கைப்பின்னல் அதனினும் பழையது. எகிப்தில் கிடைத்த, நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள் ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்கு முற்பட்டவை.

ஆடவன் பின்னலாமா என்ற தயக்கம் எனக்கு இருந்ததை மறைப்பதற்கில்லை. கிளை மேலாளர் ஊசியும் நூலுமாக அமர்ந்திருந்தால் ஊழியர்கள் என்ன நினைப்பார்கள்? ஆனால், ஐரோப்பாவின் இடைக்காலப் பின்னல் கைவினைக் குழுமங்களில் உறுப்பினர்களாக இருந்தவர்கள் ஆடவரே. பெரு நாட்டின் டிடிகாக்கா ஏரியிலுள்ள டக்கீலே தீவில் இன்றும் ஆண்களே பின்னுகிறார்கள், பெண்கள் நெய்கிறார்கள். அக்கலையை யுனெஸ்கோ 2005-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. அவ்வளவு தொலைவு போவானேன்? இமாசலத்தின் கத்தி இன மேய்ப்பர்கள் (வெட்டும் கத்தி அன்று, அவ்வினத்தின் பெயர்) ஆடுகளின் பின்னே நடந்தபடியே தக்களியில் கம்பளி நூற்பதைக் கண்டிருக்கிறேன். இவற்றையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, லோயர் பஜாரில் 250 கிராம் நூலும் ஒரு சோடி ஊசியும் வாங்கினேன். கடைக்காரர், "வீட்டம்மாவுக்கா?" என்று கேட்டார். ஆம் என்று பொய் சொன்னேன்.

மதிய உணவு வேளையில் எங்கள் கிளையின் மொட்டை மாடியில் வெயில் விழும். மாதமொரு முறை வந்த அம்மையார், எனக்காகவே வாரமொரு முறை வரலானார். பின்னலில் இருப்பவை இரண்டே அசைவுகள் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு. வடவர் அவற்றைச் சீதா, உல்டா என்பர். நேர், புரட்டு எனலாம். ஒன்றின் முதுகே மற்றொன்று. ஒரு நேர், ஒரு புரட்டு என மாற்றி மாற்றிப் போட்டால் இடுப்பிலும் மணிக்கட்டிலும் சுருங்கி விரியும் பட்டை கிடைக்கும். உலகின் கணக்கற்ற பின்னல் வகைகளில் பெரும்பாலானவற்றை இவ்விரண்டும், இவற்றைக் கூட்டுவதும் குறைப்பதும் இடம் மாற்றுவதுமே பெற்றெடுக்கின்றன. பற்றும் வரவும் என்ற இரண்டைக் கொண்டு உலக வணிகம் முழுவதையும் எழுதிவிடும் எங்கள் கணக்கியலை அது நினைவூட்டியது.

சொற்களும் வேடிக்கையானவை. கம்பளியை இந்தியில் 'ஊன்' என்பர். தமிழ்ச் செவிக்கு அது வேறு பொருள். கண்ணியை 'ஃபந்தா' என்பர். சுருக்குக்கயிற்றுக்கும் அதுவே பெயர். தமிழிலும் கண்ணி என்பது பறவை பிடிக்கும் வலைதானே! நானும் அதில் அகப்பட்டேன்.

கண்ணி நழுவுவதுதான் இக்கலையின் பெரும் இடர். ஊசியிலிருந்து ஒன்று தவறினால் அது தன் கீழுள்ளதையும், அது தன் கீழுள்ளதையும் அவிழ்த்துக்கொண்டு ஏணிபோல இறங்கும். கொக்கி ஊசியை உள்ளே விட்டு, படிப்படியாக மேலே ஏற்றிக் கொண்டுவர வேண்டும். கணினி வருமுன் எங்கள் மூத்தோர், இருப்பாய்வில் ஒரு ரூபாய் உதைத்தால் நள்ளிரவு வரை பேரேடுகளைத் திருப்புவார்களாம். அப்படித்தான் இதுவும். ஐந்து வரிசைக்கு முன் நேர்ந்த தவற்றை ஆறாவது வரிசையில் சரிக்கட்ட முடியாது. இறங்கிப் போய்த்தான் தீர வேண்டும்.

முதலில் ஒரு மஃப்ளர். அடுத்து எனக்கென ஒரு ஸ்வெட்டர். மார்பளவு 40 அங்குலம். அங்குலத்துக்கு 6 கண்ணி என்று கணக்கிட்டுச் சுற்றளவுக்கு 240 கண்ணிகள் வகுத்தேன். முதுகுப் பகுதிக்கு மட்டும் 20,000 கண்ணிகளுக்குக் குறையாது. மூன்று மாதம் உழைத்து அணிந்து பார்த்தால், உள்ளே இன்னொருவர் புகலாம். என் கை தளர்வானது; அங்குலத்துக்கு ஐந்தரைக் கண்ணிகளே விழுந்திருந்தன. அரைக் கண்ணி வேறுபாடு மூன்றரை அங்குலத்துக்கும் மேலான அகலத்தைக் கூட்டிவிட்டது. நான்கு அங்குலச் சதுரம் ஒன்றைப் பின்னி அளந்து பார்த்துவிட்டுத் தொடங்கு என்று அம்மையார் முன்பே சொல்லியிருந்தார். வணிகவியல் பட்டதாரி கேட்கவில்லை.

அந்த அவலத்தின் படத்தைத்தான் அவர் தம்முடைய வாட்ஸ்அப் குழுவில் போட்டார்; அன்றே என்னையும் அதில் சேர்த்துவிட்டார். ஏறத்தாழ நாற்பது பேர். சிம்லா, டேராடூன், லூதியானா, கொல்கத்தா. குன்னூரிலிருந்து ஒருவர்கூட உண்டு. பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரில் காணாதவர்கள். இரவு பத்து மணிக்குச் சிக்கிய பின்னலின் படம் ஒன்று வரும். பத்தே கால் மணிக்குள் தவறிய கண்ணியைச் சிவப்பு வட்டமிட்டு யாரேனும் திருப்பி அனுப்பியிருப்பார். என் பெருத்த ஸ்வெட்டரைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு, அதை அவிழ்த்து நூலைச் சிட்டமாகச் சுற்றி, நீரில் நனைத்துத் தொங்கவிட்டால் நெளிவு போய்ப் புதிதுபோல் ஆகும் என்றார்கள். பின்னலில் முதல் இழப்பு மீட்கக்கூடியது. கடன் கணக்குகளில் அவ்வளவு எளிதன்று!

இத்தகைய கூட்டங்கள் உலகெங்கும் உண்டு. 2007-இல் அமெரிக்கத் தம்பதியர் இருவர் தொடங்கிய ராவெல்ரி என்னும் இணையத்தளம் பல நாட்டுப் பின்னலாளர்களை இணைத்தது. நம் சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று, 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர், பலரும் தத்தம் இல்லங்களில் குரோஷே ஊசியால் பின்னிய சதுரங்களை ஒன்றிணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். எங்கள் குழு அவ்வளவு பெரிய செயல் எதையும் செய்ததில்லை. ஆனால், எனக்குக் காய்ச்சல் கண்ட மூன்று நாளும் வாசலில் கஞ்சி வந்தது. கொடுத்தனுப்பியவரை அதுவரை நான் கண்டதில்லை.

பின்னி விற்றால் வருமானம் வருமா என்று வாடிக்கையாளர் சிலர் கேட்பதுண்டு. நேர்மையாகச் சொல்கிறேன்: ஒரு ஸ்வெட்டருக்கு எனக்கு 60 மணி நேரம் பிடிக்கிறது. அதற்குரிய கூலியைச் சேர்த்து விலை சொன்னால், இயந்திரப் பின்னலைக் கண்டு பழகியவர் எவரும் வாங்கமாட்டார். மகளிர் குழுக்கள் காலுறை, தொப்பி, குழந்தை உடை போன்ற சிறு பொருட்களில் ஈடுபடுவது அறிவுடைமை.

2018 நவம்பரில் அம்மையார் வங்கிக்கு வரவில்லை. ஓய்வூதியர் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வேண்டிய மாதம் அது. குழுவிலும் பத்து நாட்களாக அவர் குரல் இல்லை, கைப்பேசி அணைந்திருந்தது. எல்லோரும் என்னையே கேட்டார்கள்: "உங்கள் கிளையில்தானே கணக்கு? முகவரி கொடுங்கள், போய்ப் பார்க்கிறோம்." மூன்று முறை தட்டச்சு செய்து அழித்தேன். வாடிக்கையாளரின் விவரத்தை அவர் ஒப்புதலின்றிப் பிறருக்குக் கொடுக்கலாகாது. நட்பு என்றாலும் அதுவே விதி. 'தர இயலாது' என்று எழுதியதும் குழு அமைதியாயிற்று. அந்த அமைதி எனக்கு வலித்தது.

ஆனால் வேறொரு விதி இருந்தது; வாடிக்கையாளர் பலர் இதை அறியார். நோயுற்று வர இயலாத ஓய்வூதியரின் இல்லத்துக்கே வங்கி அலுவலர் சென்று சான்றிதழைப் பதிவு செய்யலாம். (கைப்பேசியிலோ கணினியிலோ அளிக்க வல்ல 'ஜீவன் பிரமாண்' வசதியும் 2014 முதல் உள்ளது.) படிவத்துடன் மறுநாள் காலை சஞ்சௌலிக்குச் சென்றேன். சாலையிலிருந்து எண்பது படிகள் கீழே இறங்கினால் வீடு. உறைபனி படிந்த அப்படிகளில்தான் அவர் வழுக்கி விழுந்திருந்தார். வலக்கை மணிக்கட்டில் மாவுக்கட்டு. விழுந்ததில் கைப்பேசியும் உடைந்திருந்தது.

கையொப்பமிட இயலவில்லை. இடக்கைப் பெருவிரலை மையில் தோய்த்துப் படிவத்தில் வைத்தேன். பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர் அவர். "பார் பேட்டா, கடைசியில் என்னையும் கைநாட்டு ஆக்கிவிட்டாய்" என்று சிரிக்க முயன்றார், முடியவில்லை. கட்டிலருகே கூடையில் சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று கிடந்தது. முன்புறமும் முதுகும் ஒரு கையும் முடிந்திருந்தன. ஜனவரியில் பயிற்சி முடிந்து வரும் பேரனுக்கு. "அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

குழுவினரிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "வங்கி அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டிவிடேன்" என்றார். அன்று மாலைக்குள் மூவர் அந்தப் படிகளில் இறங்கியிருந்தார்கள். மறுகையை யார் பின்னுவது என்ற பேச்சு வந்தபோது, என்னைக் காட்டிலும் திறமையானவர் எத்தனையோ பேர் முன்வந்தார்கள். அவர் என்னைச் சொன்னார். காரணம் சொல்லவில்லை.

அவர் கை இறுக்கம். என் கை தளர்ச்சி. அவர் 9-ஆம் எண் ஊசியில் பின்னியிருந்தார். எண் கூடக்கூட ஊசி மெலியும். ஆகவே நான் 10-ஆம் எண்ணுக்கு மாற வேண்டுமென்று லூதியானாக்காரர் சொன்னார். இம்முறை மாதிரிச் சதுரம் பின்னினேன், ஒன்றல்ல, மூன்று. மூன்றையும் படமெடுத்து அனுப்ப, மூன்றாவதற்கே ஒப்புதல் கிடைத்தது. இருமுறை அவிழ்த்து மீண்டும் தொடங்கினேன். மகள் அழைக்கும் நேரத்திலும் ஊசிகள் ஓடும். அவள் பாடத்தை ஒப்பிப்பாள், நான் கண்ணிகளை எண்ணுவேன். புத்தாண்டுக்கு முதல்நாள் முடிந்தது. குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் பகுதிகளைத் தையலிட்டு இணைத்தார்.

பேரன் வந்தான், அணிந்தான், பனி மூடிய படிகளில் நின்று, இரு கைகளையும் நீட்டிப் படம் எடுத்துக்கொண்டான். அம்மையார் அதைப் புதிய கைப்பேசியில் குழுவுக்கு அனுப்பி, "இதில் மேனேஜர் பின்னிய கை எது?" என்று கேட்டார். கொல்கத்தாவினர் இடக்கை என்றனர். டேராடூனினர் வலக்கை என்றனர். குன்னூர்க்காரர் படத்தைப் பெரிதாக்கி, இடக்கை அரை அங்குலம் நீளம் என்று சிவப்பு வட்டமிட்டார். விவாதம் இரண்டு நாள் ஓடியது. இடக்கைதான்.