கடிக்காத கொசுவின் தலைக்குள் டெங்கு

கொசுவே டெங்குவைக் கண்டறிந்து சொல்லும் என்ற பரபரப்பான வாசகம், நோயாளியைக் கடித்த கொசு சில நிமிடங்களில் முடிவைத் தந்துவிடும் என்ற எண்ணத்தை எழுப்புகிறது. உண்மையில் கொசுவைக் கொண்டு டெங்குவைக் கண்டறியும் முறையில் அது எவரையும் கடிப்பதில்லை; முடிவு தெரிய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்.

இதற்கு மிகவும் ஏற்றது டாக்சோரிங்கைட்டிஸ் என்னும் பெருங்கொசு. அதன் புழுக்கள் பிற கொசுக்களின் புழுக்களைத் தின்று சேர்த்த புரதமே முட்டை உருவாகப் போதுமாதலால் பெண்கொசுவுக்கும் இரத்தம் தேவையில்லை. வைரஸ் ஏற்றப்பட்ட ஒன்று தப்பிப் பறந்தாலும் நோய் பரவாது. குளிரூட்டி மயக்கிய கொசுவின் மார்பில், நுண்ணிய கண்ணாடி ஊசியால், நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரம் மிகச் சிறிதளவு செலுத்தப்படுகிறது. இரத்தத்தோடு விழுங்கப்படும் வைரஸில் பெரும்பகுதியை நடுக்குடலின் சுவர் தடுத்துவிடும். ஊசியோ அச்சுவரைத் தவிர்த்து, உறுப்புகளை நனைத்து ஓடும் ஹீமோலிம்ப் என்னும் உடல்நீரிலேயே அதைச் சேர்க்கிறது.

பாலில் இட்ட ஒரு துளி உறைமோர் பானை முழுவதையும் தயிராக்குவதைப் போன்றது இது. தயிர் உறைய வெதுவெதுப்பு வேண்டுவதுபோல் கொசுவும் சுமார் 30 டிகிரி செல்சியஸில் வைக்கப்படுகிறது. தயிரால் பானை விரிசல் காணாததுபோல், பெருகும் டெங்கு வைரஸால் கொசுவும் நோயுறுவதில்லை. கொசுவுக்குள் உறைந்ததைக் கண்ணால் காண முடியாது என்பதே வேறுபாடு. ஆகவே கொசுவின் தலையைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி, வைரஸை மட்டுமே பற்றும் புரதமான எதிர்ப்பொருளை ஒளிரும் சாயத்துடன் இணைத்துப் பூசுகின்றனர். நுண்ணோக்கியில் மூளைத்திசு பச்சையாக ஒளிர்ந்தால் வைரஸ் உண்டு. டெங்குவின் 4 வகைகளுக்கும் தனித்தனி எதிர்ப்பொருள் இருப்பதால், எந்த வீட்டு உறைமோர் என்பதும் தெரிந்துவிடுகிறது.

லியோன் ரோசனும் டுவேன் கப்ளரும் 1974இல் கொசுவில் செலுத்தி வைரஸைக் கண்டறியும் முறையை விவரித்தனர். அதற்குமுன் சுண்டெலிக் குட்டிகளின் மூளையில் செலுத்திப் பார்த்தபோது, பல வைரஸ்கள் அகப்படாமலே போயின.

நோயாளிக்கு உடனடிப் பயன் தருபவை வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனையும் பி.சி.ஆர். சோதனையுமே; கொசு அவற்றுக்கு மாற்று என்பது மிகைக்கூற்று. ஆயினும் பி.சி.ஆர். வைரஸின் மரபுப்பொருளை மட்டுமே காட்டும்; அவ்வைரஸ் உயிர்ப்புடன் உள்ளதா என்பதைப் பெருகவைத்தே அறிய முடியும். இவ்வாறு பெருகவைத்தே மதுரையின் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம், தென்னார்க்காட்டில் பிடித்த கொசுக்களை அரைத்து, அச்சாற்றை டாக்சோரிங்கைட்டிஸில் செலுத்தி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸைத் தேடியது.