கூட்டம் பிரிந்த குதிரை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, புங்குடுதீவின் குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரப் படகுப் பயணத் தொலைவில் உள்ள நெடுந்தீவு, லாயமும் கடிவாளமும் அறியாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மட்டக்குதிரைகளால் பெயர்பெற்றது. போர்த்துக்கேயர் காலத்தில் தொடங்கி, 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரால் விரிவாக நடத்தப்பட்ட குதிரை வளர்ப்பு, பிரித்தானியர் ஆட்சியில் கைவிடப்பட்டபோது, எஞ்சிய குதிரைகள் தீவின் தெற்குப் புல்வெளிகளில் தம்போக்கில் பெருகின. வீட்டு விலங்காக வளர்க்கப்பட்ட முன்னோரின் வழிவந்து, பின்னர் மனிதப் பிடியிலிருந்து விடுபட்டுத் தாமே வாழப் பழகிய இத்தகைய விலங்குகளைக் காட்டுமயப்பட்டவை என்று விலங்கியலாளர் வகைப்படுத்துவர். ஒல்லாந்தர் லாயத்தின் முருகைக்கல் எச்சங்களும், அந்த லாயங்களை மறந்துவிட்ட குதிரைகளும் ஒரே தீவில் இருப்பதனால், குதிரை வளர்ப்போர் பலரும் எதிர்கொள்ளும் ஒரு துன்பத்தை, அதாவது துணையிலிருந்து பிரிக்கப்பட்ட குதிரை கொள்ளும் அச்சத்தை, விளங்கிக்கொள்வதற்கு நெடுந்தீவைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் வேறில்லை எனலாம்.

காட்டுமயப்பட்ட குதிரைகள் உலகின் எப்பகுதியில் ஆராயப்பட்டிருப்பினும், அவற்றின் சமூக அமைப்பு பெரிதும் ஒத்ததாகவே காணப்படுகிறது. ஒரு பொலிகுதிரை, சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள் ஆகியவை சேர்ந்து ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கும் ஒரு குடும்பக் கூட்டமாக வாழ்கின்றன. பருவமெய்திய இளங்குதிரைகள் இரண்டு மூன்று வயதளவில் பிறந்த கூட்டத்தை விட்டு நீங்கினாலும், அவையும் தனித்துத் திரியாமல், ஆண்கள் தமக்குள் ஓர் இளங்கூட்டமாகவும் பெட்டைகள் வேறொரு குடும்பத்திலும் சேர்ந்துவிடுகின்றன. ஓடித் தப்புவதையே முதன்மையான தற்காப்பாகக் கொண்ட புல்லுண்ணிக்குத் தனிமை என்பது காவலற்ற நிலையாகும். நின்றபடியே கண்ணயர்வதற்கு ஏற்ப மூட்டுகளைப் பூட்டிக்கொள்ளும் தசைநாண் அமைப்புக் குதிரைக்கு இருந்தபோதிலும், கனவுநிலை உறக்கம் எனப்படும் ஆழ்ந்த துயிலுக்கு அது படுத்தாக வேண்டும். கூட்டத்தில் ஒன்று படுக்கும்போது மற்றொன்று நின்று காவல் காப்பதனால்தான் அத்துயில் இயல்பாக வாய்க்கிறது. தனியே கட்டப்பட்ட குதிரை இரவில் படுக்கவே துணியாமற் போகவும் கூடும் என்பதை உரிமையாளர் பலர் கவனிப்பதில்லை.

மேய்ந்து முடித்த இரு குதிரைகள் எதிரெதிர்த் திசையில் தலைவைத்து நெருங்கி நின்று, ஒன்றன் கழுத்தும் முதுகும் சேரும் மேட்டுப் பகுதியை மற்றொன்று முன்பற்களால் மென்மையாகச் சுரண்டிவிடும் காட்சி, அவற்றின் உறவை மிக நெருக்கத்தில் காட்டுகிறது. ஒன்றன் வால் மற்றொன்றின் முகத்தில் மொய்க்கும் ஈக்களை விரட்ட, இரண்டின் கீழுதடுகளும் தளர்ந்து தொங்குகின்றன. பிரான்சின் கமார்க் பகுதிக் குதிரைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 1993இல் வெளியான ஆய்வொன்று, அந்த மேட்டுப் பகுதியைச் சுரண்டுவதுபோல் தேய்த்துவிடும்போது இதயத் துடிப்பு வேகம் குறைவதைப் பதிவுசெய்தது. ஆகவே துணை என்பது குதிரையின் உடலே அறிந்த ஆறுதலாகும். அதை இழந்த குதிரை கனைப்பதையும் கதவை உதைப்பதையும் முரட்டுத்தனம் என்று கருதி அடிப்பது, அச்சத்தின்மேல் மற்றோர் அச்சத்தை ஏற்றும் கொடுமை என்றே கொள்ள வேண்டும்.

பிரிவச்சத்தின் அறிகுறிகள் எளிதில் தென்படுபவை. இடைவிடாத உரத்த கனைப்பு, வேலியோரமாக முன்னும் பின்னும் நடத்தல், வியர்த்தல், அடிக்கடி இளகிய சாணமிடுதல், தீனியைத் தொடாமை ஆகியவை உடனடியாகத் தோன்றும்; நீண்ட நாள் தனிமையிலோ, கதவின்மேல் தலைநீட்டி உடலை இடமும் வலமுமாக ஓயாது ஆட்டும் பழக்கம் வேரூன்றிவிடலாம். வாந்தியெடுக்க இயலாத உடலமைப்புடைய குதிரைக்கு வயிற்றுவலி உயிராபத்தாக முடியக்கூடியது என்பதாலும், அமைதியின்மையும் வியர்வையும் நிலத்தைக் காலால் பறித்தலும் அந்நோய்க்கும் உரியவை என்பதாலும், திடீரென்று இவ்வாறு நடந்துகொள்ளும் குதிரையை முதலில் கால்நடை வைத்தியரிடம் காட்டிய பின்னரே பயிற்சியைப் பற்றி நினைக்க வேண்டும்.

பயிற்சியின் அடிப்படை, பிரிவைக் குதிரை தாங்கக்கூடிய அளவுக்குச் சிறிதாக்குவதாகும். இரு குதிரைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி நிற்க, இரண்டுக்கும் புல் இடப்பட்டு, ஒன்று சில அடிகள் மட்டும் நகர்த்தப்படுகிறது. நிற்கும் குதிரை தலையுயர்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் புல்லைக் கடித்தால், சென்றது உடனே திரும்பக் கொண்டுவரப்படுகிறது. மெல்லுதல் நிற்பது, இரு செவிகளும் ஒரே திசையில் விறைப்பது, மூக்குத் துளைகள் விரிவது ஆகியவை கனைப்புக்கு முன்னரே தோன்றும் எச்சரிக்கைகள் ஆதலால், பயிற்றுவோர் தூரத்தையும் நேரத்தையும் இவற்றைக் கொண்டே அளக்க வேண்டும். துணை மறைந்தாலும் திரும்பி வரும் என்பதைப் பல முறை கண்ட குதிரைக்கே மூலை திரும்பி மறைதலும் பின்னர் சற்று நீண்ட பிரிவும் பொறுக்கத்தக்கனவாகின்றன. கதறி ஓயட்டும் என்று அடைத்துவைக்கும் பழைய முறையில் குதிரை ஓய்வது பழகியதனால் அன்று, களைத்ததனாலேயே என்பதோடு, அஞ்சி ஓடும் விலங்கு வேலியில் மோதிக் காயமுறும் ஆபத்தும் அதில் உண்டு.

துணையாக மற்றொரு குதிரை கிடைக்காதவிடத்து, கழுதையோ ஆடோ ஓரளவு உதவுவதுண்டு. உடலை ஆட்டும் குதிரைகளின் லாயங்களில் கண்ணாடி பொருத்தப்பட்டபோது அப்பழக்கம் வெகுவாகக் குறைந்ததாகப் பிரித்தானிய ஆய்வொன்று 2002இல் காட்டியது. ஆயினும் கண்ணாடி உருவம் முதுகைச் சுரண்டிவிடாது என்பதால், அதை உயிர்த்துணைக்கு ஈடாகக் கொள்ளுதல் தகாது. குதிரையின் இரைப்பையில் அமிலம் இடையறாது சுரப்பதனால், பிரிந்திருக்கும் நேரத்திலும் புல் முன்னே இருந்துகொண்டிருப்பது புண் ஏற்படாமல் காக்கவும் உதவும்.

பிரிவச்சத்தின் வேர் பல வேளைகளில் பால்மறக்கச் செய்யும் முறையில் இருக்கின்றது. தாய்க்குதிரை தானாகக் குட்டியைப் பால்மறக்கச் செய்வது பெரும்பாலும் ஒன்பது பத்து மாதமளவில், அதுவும் படிப்படியாக நிகழ்வதாயிருக்க, பண்ணைகளில் நான்கு முதல் ஆறு மாதத்திற்குள் ஒரே நாளில் பிரிப்பது வழக்கமாகிவிட்டது. அழகுக்காகவோ சவாரிக்காகவோ நெடுந்தீவிலிருந்து ஒரு குட்டியைக் கடல் கடந்து கொண்டுவர விரும்புவோர், தாய், கூட்டம், மேய்ச்சல் நிலம் ஆகிய மூன்றையும் அதனிடமிருந்து ஒரே பயணத்தில் பறிக்கின்றனர்.

நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டுள்ளதால், அங்கு வாழும் விலங்கைப் பிடித்தல் குற்றமுமாகும். எனினும் பிடிக்காமலே பிரிப்பதும் நடக்கக்கூடியது. வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்கு முந்திய வறண்ட மாதங்களில், நன்னீர் அரிதாகிக் குதிரைகள் எஞ்சிய நீர்நிலைகளை நாடிவரும் வேளையில், படம் எடுப்பதற்காக வாகனத்தை நெருக்கி ஓட்டினால், கூட்டம் சிதறி, கால் வலுக்காத குட்டி பின்தங்கும்; தாகத்தோடு வந்த தாயும் நீர் அருந்தாமலே ஓடிவிடும். அந்த மாதங்களில் தீவுக்குச் செல்வோர் நீர்நிலைக்கு வெகுதொலைவிலேயே வாகனத்தை நிறுத்தி, கூட்டம் முழுவதும் நீர் அருந்தி நீங்கும்வரை அங்கேயே காத்திருக்க வேண்டும்.