கழன்று விழும் காந்தம், குழந்தைக்கு எமன்! ரெசின் பொம்மை செய்வோர் உஷார்!

பாலக்கரை (திருச்சி):-

மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், பாலக்கரை சகாய மாதா கோவில்... இந்த உருவங்களை ரெசின் என்னும் செயற்கைப் பிசினில் வார்த்து, பின்னால் காந்தம் வைத்தால், பிரிஜ் கதவில் ஒட்டும் அழகுப் பொருள் தயார். வீட்டில் இருந்தபடியே நாலு காசு பார்க்க நல்ல கைத்தொழில்தான். ஆனால் காந்தத்தை எங்கே வைக்கிறோம் என்பதில் ஒரு குழந்தையின் உயிரே அடங்கி இருக்கிறது!

இதன் விவரம் வருமாறு:-

குட்டிக் காந்தம், அசுர பலம்!

பழைய ஸ்பீக்கரில் இருக்கும் கறுப்புக் காந்தம் வேறு. இது வெள்ளி போல மின்னும் நியோடிமியம் காந்தம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உருவானது. சட்டைப் பொத்தான் அளவுதான். இழுவையோ அசுர இழுவை!

பசை தடவிப் பின்னால் ஒட்டிவிட்டால் வேலை சுலபம். ஆனால் கதவிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி எடுத்தால் ஒருநாள் பசை விட்டுவிடும். காந்தம் முதலில் தரைக்கு வரும். அடுத்து குழந்தை வாய்க்குப் போகும்!

குடலில் ஓட்டை

ஒன்றை விழுங்கினாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டை விழுங்கினால், குடல் மடிப்புகளை நடுவில் நசுக்கிக்கொண்டு ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று ஓட்டை விழும். முதலில் வெறும் வயிற்றுவலி, வாந்தி போலத்தான் தெரியும். "வாழைப்பழம் குடு, தானா வெளியே வந்துடும்" என்று காத்திருக்கக் கூடாது. உடனே புத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எக்ஸ்ரே எடுத்தால் காந்தம் தெரிந்துவிடும்.

புதைப்பது எப்படி?

காந்தத்தை ரெசினுக்குள்ளேயே புதைத்து விடுவதுதான் வழி. அச்சில் முக்கால் பங்கு ரெசினை ஊற்றுங்கள். குச்சியால் தொட்டால் பிசுபிசுக்கும் பதம் வந்ததும் காந்தத்தை வையுங்கள். மேலே மெல்லிய பூச்சு. ஒரு மில்லிமீட்டர் போதும். ரெசின் காந்த சக்தியைத் தடுக்காது. ஆனால் பூச்சு கனத்தால் தூரம் கூடி இழுவை குறையும். பொம்மை வழுக்கி விழும்.

இரண்டு காந்தம் வைத்தால் தள்ளித் தள்ளி வைக்கணும். இல்லாவிட்டால் ஈர ரெசினில் நகர்ந்துபோய் ஒட்டிக்கொள்ளும்!

ரெசின் இறுகும்போது தானாகவே சூடாகும். மொத்தமாக ஊற்றினால் சூடு எகிறும். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியசைத் தாண்டினால் பலம் இழக்கும். ஆகவே சிறுகச் சிறுக ஊற்றுங்கள். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். ஈர ரெசின் தோலுக்கு ஆகாது.

திருப்பிப் பாருங்க!

புதைத்த காந்தத்துக்கு இன்னொரு லாபம்: ஈரம் படாது, துருப்பிடிக்காது. ஆனாலும் பொம்மை கீழே விழுந்து உடைந்தால் காந்தம் வெளியே வரும். குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில்தான் ஒட்ட வேண்டும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இதைச் சட்டைப் பையில் போடவே கூடாது.

வாங்கப் போகும் தாய்மார்களே! முகப்பு அழகைப் பார்த்து மயங்காதீங்க. பின்பக்கம் திருப்பிப் பாருங்க. காந்தம் வெளியே துருத்திக்கொண்டு இருந்தால், குழந்தை உள்ள வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்!